சைபர்பங்க் விஷுவல் நாவலில் இரவுக் காட்சி வேண்டுமா?

நொய்யல்கரை (திருப்பூர்)
ரென்பை என்ற மென்பொருளில் நான்கு மாதமாக ஒரு விஷுவல் நாவல் எழுதி வருகிறேன்; படமும் இசையுமாகத் திரையில் படித்து, இடையிடையே வாசகரே கதையின் பாதையைத் தேர்ந்தெடுக்கும் வகை. சைபர்பங்க், அதாவது தொழில்நுட்பம் வளர்ந்தும் மனிதர்கள் நிறுவனங்களின் பிடியில் வாழும் எதிர்காலக் கதை. ஊர் திருப்பூர், காலம் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. வேலைக்குச் சேர்பவர்களுக்கு பனியன் கம்பெனியே இயந்திரக் கை பொருத்துகிறது. கடன் அடையும்வரை அந்தக் கை கம்பெனிக்குச் சொந்தம். வயது வந்தோருக்கான கதை. கணவன் மனைவிக்கு இடையே இரண்டு இரவுக் காட்சிகள், அதாவது படுக்கைக் காட்சிகள், வருகின்றன. படித்துப் பார்த்த நண்பர்கள் இரண்டையும் வெட்டச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. உடல் யாருக்குச் சொந்தம் என்று கேட்கும் கதையில் உடலை மறைத்துவிட்டு எதை எழுதுவது?

பம்புசெட் (கோவை)
வெட்டுங்கள் தம்பி. 'ஃபேட்/ஸ்டே நைட்' என்ற ஜப்பானிய விஷுவல் நாவல் 2004இல் வயது வந்தோருக்கான கணினிப் பதிப்பாக வந்தது. 2007இல் அந்தக் காட்சிகள் இல்லாமல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. அது சைபர்பங்க் இல்லைதான், ஆனாலும் கதை நின்றது. எடுத்தால் கதை சாயாத தூண் தூணே அல்ல.

இன்னொன்றும் சொல்கிறேன். இப்படிப்பட்ட பல படைப்புகளில் அந்தக் காட்சி தொடங்கியதும் எழுத்து நடையே மாறிவிடுகிறது. அதுவரை தன் கடனையும் தன் நகரத்தையும் பற்றிக் கூர்மையாகப் பேசிய பெண், பேச்சையே மறந்துவிடுகிறாள். உடலை விற்கும் உலகத்தைக் கண்டிக்க வந்த கதை, அந்த இடத்தில் வாங்குபவன் பக்கம் போய் நின்றுகொள்கிறது.

மஞ்சள்மண்டி (ஈரோடு)
அண்ணா, 2009இல் ஜப்பானின் கிகா நிறுவனம் வெளியிட்ட 'பால்டர் ஸ்கை' என்ற சைபர்பங்க் விளையாட்டைப் பாருங்கள். அதுவும் வயது வந்தோருக்கானதுதான். கூலிப்படை வீரன் ஒருவன் நினைவிழந்து போர்க்களத்தில் கண்விழிக்கிறான். பள்ளிக்கால நினைவுகள் துண்டு துண்டாகத் திரும்புகின்றன. ஒவ்வொரு பாதையிலும் வேறொரு துண்டு. யாரை நேசித்தோம் என்பதே தெரியாதவனுக்கு நெருக்கம் என்பது நினைவின் ஒரு பகுதி. அதை அலங்காரம் என்று தள்ள முடியாது. வாசகன் தானே பாதையைத் தேர்ந்தெடுத்து அங்கே வந்து சேர்கிறான், அதனால் பொறுப்பும் அவனுடையதாகிறது. அச்சு நாவலில் இது நடக்காது.

தறிக்காரி (பள்ளிபாளையம்)
தேர்ந்தெடுப்பது யார் என்பதைத்தான் நானும் கேட்கிறேன். நான் மூன்று ஆண்டுகள் ஒரு மில்லின் விடுதியில் தங்கி வேலை செய்தவள். எந்த மில் என்பது இங்கே வேண்டாம். வராந்தாவில் கேமரா இருந்தது. எங்கள் தூக்கம், மாதவிடாய், ஊருக்குப் போகும் நாள் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவரின் அனுமதி வேண்டும். உடல் யாருக்குச் சொந்தம் என்று கேட்க எனக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்படவில்லை.

வெனிசுவேலாவின் சுகேபன் கேம்ஸ் 2016இல் வெளியிட்ட 'விஏ-11 ஹால்-ஏ' என்ற சைபர்பங்க் விளையாட்டை எல்லோரும் விளையாடிப் பாருங்கள். வால்ஹல்லா என்று படிப்பார்கள். நாம் மதுக்கூடத்தில் பானம் கலந்து கொடுக்கும் ஜில். அங்கே டோரதி என்ற இயந்திரப் பெண் வருகிறாள், பாலியல் தொழில் செய்பவள். தன் வேலையைப் பற்றி அவளே வாய் நிறையப் பேசுகிறாள். ஒரு படுக்கைக் காட்சிகூட இல்லை, ஆனால் அவள் உடல் அவள் சொல்லில் முழுசாக இருக்கிறது. நாம் பதில்களைத் தேர்வதுகூட இல்லை; எந்தப் பானத்தைக் கொடுக்கிறோமோ அதற்கேற்பப் பேச்சு திரும்புகிறது. எனக்குக் கலை என்றால் அது.

தம்பி, உங்கள் இரவுக் காட்சி யாருடைய கண்ணிலிருந்து வருகிறது?

நொய்யல்கரை (திருப்பூர்)
கணவன் கண்ணிலிருந்து, அக்கா. நீங்கள் கேட்ட பிறகுதான் அது உறைக்கிறது.

மஞ்சள்மண்டி (ஈரோடு)
படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னோட்டத்தில் நியான் விளக்கும் அடைமழையும் போட்டிருக்கிறீர்கள். மழைமறைவுப் பிரதேசத்துத் திருப்பூருக்கு அந்த மழை எங்கிருந்து வந்தது? நமக்கு நம் நிறம் இருக்கிறது. சாயத்தண்ணீர் நொய்யலில் ஓடியதும், 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாமல் சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனதும், 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நாம் கண்டவை. அந்த ஆற்றை வரையுங்கள்.

அசையாத படம் குறை என்றும் நினைக்காதீர்கள். அண்ணன்மார் கதையில், அதாவது நம் கொங்கு நாட்டின் பொன்னர் சங்கர் கதையில், உடுக்கையடித்துப் பாடுபவர் எந்தப் படத்தைக் காட்டினார்? அண்ணன்மார் போர்க்களத்தில் மாளும் படுகளம் வந்ததும் கேட்பவர்கள் அருள் வந்து சாய்கிறார்கள். விஷுவல் நாவலும் அந்த வகைதான்: குரல், இசை, கொஞ்சம் படம். மீதி கேட்பவர் மனத்தில்.

பம்புசெட் (கோவை)
நீங்கள் சொன்ன உடுக்கையே என் பக்கம்தான் பேசுகிறது. அவர் காட்டவில்லை அல்லவா?

நொய்யல்கரை (திருப்பூர்)
இரண்டு நாள் யோசித்தேன். முதல் காட்சியை எடுத்துவிட்டேன். அது ஆசைக்காக வைத்தது, பம்புசெட் அண்ணா சொன்னது சரி. இரண்டாவது இருக்கும், ஆனால் இனி மனைவியின் கண்ணிலிருந்து. கணவனின் கை எப்போதும் கம்பெனிக்குப் பதிவு அனுப்புகிறது. கழற்றினால் அந்த இரவுக்கு அபராதம், கழற்றாவிட்டால் அறையில் மூன்றாவது ஆள். கழற்றச் சொல்வதா வேண்டாமா என்பதுதான் வாசகரின் தேர்வு. எதைத் தேர்ந்தாலும் மறுநாள் அவர்கள் பேசிக்கொள்ளும் விதம் மாறும்.

தறிக்காரி (பள்ளிபாளையம்)
அபராதத் தொகையை ரூபாயில் எழுதுங்கள். அந்த வார அரிசிக்கு எவ்வளவு குறையும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பம்புசெட் (கோவை)
இது கதை. ஆனால் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காட்சிக்குப் படமே போடாமல், எழுத்தும் தறிச் சத்தமும் மட்டும் வைத்து எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டுப் பேசுகிறேன்.

நொய்யல்கரை (திருப்பூர்)
ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன், அண்ணா. தறிச் சத்தத்தை அக்கா ஊரில் பதிவு செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும்.