1850 வாக்கில் பிறந்த விவசாயி: சென்சஸிலும் பட்டாளக் கணக்கிலும் தேடுவது எப்படி?

வரப்போரம்:
கரூர் பக்கத்துக் கிராமம். தேடுவது ஐந்து தலைமுறைக்கு முந்திய ஒரு விவசாயியை. பெயர் தெரியும், அவருடைய தகப்பனார் பெயர் தெரியாது. கொஞ்சகாலம் பட்டாளத்தில் இருந்தார் என்று வீட்டில் பேச்சு. எந்தப் பட்டாளம் என்று சொல்ல ஆளில்லை. கையில் இருப்பது இப்போதைய பட்டா நகலும், விளிம்பு தேய்ந்த ஒரு வெள்ளிப் பதக்கமும்தான். 1871, 1881 சென்சஸ் வீட்டுப் பட்டியலை எங்கே பார்க்கலாம்? பழைய நிலக் கணக்கைத் திருச்சியில் கேட்டால் போதுமா?

பழங்கணக்கு:
சென்சஸை மறந்துவிடுங்கள். இங்கிலாந்து, அமெரிக்கா மாதிரி வீட்டுக்கு வீடு பெயர் எழுதிய தாள்கள் நமக்கு இல்லை. 1871-லும் 1881-லும் ஆள் ஆளாக எழுதத்தான் செய்தார்கள். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டி எடுத்ததும் அந்தத் தாள்களைக் கழித்துவிட்டார்கள். அச்சில் நிற்பது ஜில்லா, தாலுகா, ஜாதி, தொழில்வாரி எண்கள் மட்டும். பெயர் வேண்டுமென்றால் தீர்வை வாங்கிய கணக்குக்குத்தான் போக வேண்டும். சர்க்காருக்குத் தலையை விட நிலம் முக்கியம்.

இன்றைய பட்டாவிலிருந்து பின்னால் நடங்கள். முதலில் உங்கள் புல எண்ணுக்கு (சர்வே நம்பர்) 'அ' பதிவேடு எடுங்கள், அது ஊர் நிலங்களைப் புல எண் வரிசையில் எழுதிய கணக்கு. அதில் 'பழைய புல எண்' என்று ஒரு கலம் இருக்கும். 1979–87-ல் நடந்த யூடிஆரில் (நில உடைமைப் பதிவேட்டுத் திருத்தம்) உட்பிரிவுகள் பல இடங்களில் மாறிப்போயின, அதனால் இந்தக் கலத்தைத் தாண்டி யாரும் நேராகக் குதிக்க முடியாது. பழைய எண் கிடைத்தால் அதை வைத்து ரீசெட்டில்மெண்ட் (தீர்வையை மறுபடி நிர்ணயித்தது) பதிவேடு, அதற்கும் முந்திய செட்டில்மெண்ட் (முதலில் நிர்ணயித்தது) பதிவேடு. பழையதில் பைமாஷ் (பழைய நில அளவை) எண், நஞ்சையா புஞ்சையா, தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதார் பெயர் எல்லாம் ஒரே வரியில் வரும். கேட்க வேண்டிய இடம் கலெக்டர் அலுவலக ரெக்கார்டு ரூம் அல்லது எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மனுவில் ஆள் பெயரை மட்டும் எழுதினால் தேடிக் கொடுக்க மாட்டார்கள். கிராமம், தாலுகா, பழைய புல எண் மூன்றும் வேண்டும்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஜில்லா. கரூர் தாலுகா 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது, அந்த வருஷம்தான் திருச்சிராப்பள்ளிக்குப் போனது. தனி மாவட்டமானது 1995-ல். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கைத் திருச்சி என்று கேட்டால் 'இல்லை' என்று பதில் வரும், பதிவேடு கோயம்புத்தூர் என்ற தலைப்பில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும்.

ஊர் ரயத்துவாரியா (குடியானவரே நேராகச் சர்க்காருக்குத் தீர்வை கட்டுவது), ஜமீனா (ஜமீன்தார் வழியாகக் கட்டுவது), இனாமா (தீர்வை தள்ளியோ குறைத்தோ கொடுத்த மானியம்) என்றும் பாருங்கள். ஜமீன் ஊர் என்றால் குடியானவர் பெயர் சர்க்கார் செட்டில்மெண்டில் வராது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த சர்வேதான் முதல் கணக்காக இருக்கலாம். இனாம் என்றால் உங்களுக்கு யோகம். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் எழுதிய இனாம் ஃபேர் ரெஜிஸ்டரில் யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்பதோடு அனுபவித்து வந்தவர்களின் வழிமுறையும் வரும்.

லாந்தர்:
பட்டாள விஷயம். வீட்டுப் பேச்சை விடப் பதக்கத்தை நம்புங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். இருட்டறையில் டார்ச்சை விளிம்புக்குப் படுக்கை வாட்டில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். பள்ளத்தில் நிழல் விழும்போது எழுத்து எழும். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய தாளைச் சுற்றி, மிருதுவான பென்சிலால் சாய்வாகத் தேயுங்கள். எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் என்ற வரிசையில்தான் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். ரிப்பனுக்குக் கீழே பட்டை இருந்தால் அதில் போரின் பெயர் இருக்கும், 'பர்மா 1885–7' என்பது போல. அந்தப் போருக்கு வெள்ளி கொடுத்தது சண்டைக்காரருக்கு. கூடப் போன வேலையாட்களுக்கும் சுமைக்காரர்களுக்கும் வெண்கலம். உங்களுடையது வெள்ளி என்கிறீர்கள், அதுவே ஒரு தகவல்.

ரெஜிமெண்ட் எண் கிடைத்ததும் வருஷத்தைப் பாருங்கள். 1903-ல் மதராஸ் காலாட்படை எண்களோடு 60 கூட்டிவிட்டார்கள்: 3-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரிதான் பிறகு 63. எண் 61 அல்லது அதற்கு மேல் என்றால் அது 1903-க்குப் பிந்திய ஆள், உங்கள் ஆளாக இருக்க வாய்ப்புக் குறைவு, மகனாகவோ பேரனாகவோ இருக்கலாம்.

ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் மதராஸ் ஆர்மிக் கணக்கு நிறைய உண்டு, ஆனால் ஆள்வாரியாக இருப்பது பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள், சோல்ஜர்களுடையது. சிப்பாயின் ஊரும் தகப்பன் பெயரும் ரெஜிமெண்ட் கையிலிருந்த பதிவேட்டில் இருந்தன. பழைய மதராஸ் காலாட்படைகளில் எஞ்சியவை பெரும்பாலும் 1920-களில் கலைக்கப்பட்டன. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் இரண்டாம் உலகப்போரில் மறுபடி திரட்டியது, அங்கே எழுதிப் போட்டுப் பயனில்லை. 'சாப்பர்ஸ்' (பாலம், பாதை போடும் பொறியியல் படை) என்று விளிம்பில் இருந்தால் மட்டும் பெங்களூர் மெட்ராஸ் எஞ்ஜினியர் குரூப்பைக் கேட்கலாம். அது அறுபடாமல் வந்த படை.

இன்னொரு வழி மகன் பக்கமாக. அந்தக் குடும்பத்தில் யாராவது 1914–18 போரில் இறந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பல இந்தியச் சிப்பாய்களின் பதிவில் 'இன்னார் மகன், இன்ன ஊர், தாலுகா, ஜில்லா' என்று இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு விவசாயி அங்கே தகப்பனாக வந்து நிற்பார். பெயரை நாலைந்து விதமாக ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். 'ழ' அவர்கள் கையில் என்ன பாடுபடும் என்று தெரியாது.

வரப்போரம்:
விளிம்பில் 'சிப்பாய்' என்பதும் 'மெட்ராஸ்' என்பதும் தெரிகிறது, எண் பாதிதான். ஒரு பழைய தீர்வை ரசீதும் கிடைத்தது: பசலி 1287. அதில் உள்ள பெயர் எங்கள் ஆளுடையதுதான். அப்போது உயிரோடு இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாமா?

பழங்கணக்கு:
பசலி என்பது ஜூலையில் தொடங்கும் தீர்வைக் கணக்கு வருஷம், அதோடு 590 கூட்டுங்கள். 1287 என்றால் 1877 ஜூலையிலிருந்து 1878 ஜூன் வரை. தாது வருஷப் பஞ்சத்தின் வால்.

உயிரோடு இருந்தார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் மாற்றாவிட்டால் செத்தவர் பெயரிலேயே பட்டா இருபது முப்பது வருஷம் ஓடும். கூட்டுக் குடும்பம் என்றால் மூத்தவர் பெயர் மட்டும் இருக்கும், தம்பிகள் கணக்கிலேயே இல்லை.

சாட்சிக்கையெழுத்து:
தகப்பன் பெயருக்கு நிலக் கணக்கு போதாது, பத்திரம் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1865 முதல் பதிவு உண்டு. இணையத்தில் வில்லங்கம் 1975-க்கு முன்னால் பெரும்பாலும் போகாது, அதற்கு முந்தியதைக் கையால் தேட மனுப் போட வேண்டும். பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை ஒன்று. சொத்து அட்டவணையில் ஊரைப் பிடித்துத் தேடுங்கள், பெயரின் எழுத்துக்கூட்டு ஏமாற்றும். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை, சின்னத் துண்டுகள் அகப்படாமல் போவது அதனால்தான்.

பத்திரம் கிடைத்தால் முதல் வரியிலேயே 'இன்னார் குமாரன் இன்னார்' இருக்கும். அதோடு நிறுத்தாமல் செக்குபந்தியை (நிலத்தின் நான்கு எல்லை விவரம்) படியுங்கள். 'இன்னார் பாகத்துக்குக் கிழக்கு' என்று வந்தால் அந்த இன்னார் பெரும்பாலும் பங்காளி. பாகம் பிரிந்த நிலம்தான் அப்படி ஒட்டிக் கிடக்கும். தேதி தமிழ் வருஷத்தில் மட்டும் இருந்தால் அறுபது வருஷச் சுற்று என்பதை மறக்காதீர்கள்: 'தாது' 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் ராணி தலையா ராஜா தலையா என்று பார்த்தாலே தீர்ந்துவிடும்.

கடைசியாக, பேரன் என்ற சொல்லே பெயரன்தான். பாட்டன் பெயர் பேரனுக்கு வரும். முத்துசாமி மகன் பழனி, பழனி மகன் முத்துசாமி என்று மாறி மாறி ஓடும் குடும்பத்தில் இரண்டு முத்துசாமிகளை ஒருவராக்கி, நடுவில் ஒரு தலைமுறையையே தின்றுவிடுவது சகஜம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பசலியை எழுதி வையுங்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஒரே ஆள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்.