கொக்குவிலில வீடு விக்கப் போறம், தரகர் இல்லாமல் செய்யலாமோ?

கொக்குவில்காரி

எல்லாருக்கும் வணக்கம். அம்மான்ர சீதன வீடு ஒண்டு கொக்குவிலில இருக்கு. அம்மாவும் அப்பாவும் இப்பவும் அதிலதான் இருக்கினம், ஆனா அப்பாக்கு முழங்கால் ஏலாது, கிணத்தடிக்குப் போய்வாறதே பெரிய பாடு, அதால இதை வித்திட்டு மானிப்பாயில என்ர வீட்டுக்குக் கிட்டவா சின்னதா ஒண்டு எடுத்துக் குடுப்பம் எண்டு முடிவு. அண்ணா கனடாவில, அவருக்கும் சம்மதம். காணி உறுதிப்படி 2 பரப்பு 9 குழி, கல்வீடு, பேந்து பின்பக்கமா ஒரு அறையும் குளியலறையும் சேத்துக் கட்டினது. கிணறு பக்கத்து வீட்டோட பங்கு.

விக்கப் போறம் எண்டு வாயால சொல்லி முடிக்கேல்லை, தரகர்மார் படலையில நிக்கினம். ஒருத்தர் மூண்டு வீதம் கேக்கிறார். இன்னொருத்தர் "எனக்குக் கொமிசனே வேண்டாம் அக்கா, உங்களுக்குக் கையில எவ்வளவு வேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" எண்டுறார். இதைக் கேட்டாப் பிறகுதான் எனக்கு வயித்தைக் கலக்குது.

தரகர் இல்லாமல் தாங்களே வித்த ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ, எங்க தொடங்கிறது, என்ன விலை சொல்லுறது, வாற ஆக்களை எப்பிடி நம்புறது? லோயரிட்டப் போக முதல் கொஞ்சம் விளங்கிக்கொண்டு போவம் எண்டு பாக்கிறன்.

நல்லூர்_பென்சன்காரர்

தங்கச்சி, நான் கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, காணிப் பக்கம் வேலை செய்து ஓய்வு எடுத்தனான், அதால நீட்டுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ. தரகர் செய்யிற வேலை ஆள் பிடிக்கிறது, அது இந்தக் காலத்தில ஒரு போனோட நடக்கும். விக்கிறது இழுபடுறது கடதாசியிலதான். ஒருத்தருக்கும் வீட்டைக் காட்ட முதல் உறுதியளை எடுத்து மேசையில வைச்சு வடிவா வாசியுங்கோ.

அம்மான்ர சீதன உறுதி, அதுக்கு முந்தினது, அதுக்கும் முந்தினது எண்டு முப்பது வருசத்துக்குக் குறையாமல் பின்னால போகக்கூடியதா இருக்கோணும். 95 இடம்பெயர்வில கன சனத்தின்ர உறுதி துலைஞ்சது. உங்களிட்டயும் ஏதும் இல்லாட்டிப் பயப்பிடாதேங்கோ, நொத்தாரிசு, அதுதான் உறுதி எழுதிற லோயர், முடிக்கிற உறுதியில ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போறது, அங்க காசு கட்டி அத்தாட்சிப் பிரதி கேக்கலாம். போன கையோட பதிவேட்டையும் பாருங்கோ. எப்பவோ ஈடு வைச்சு, காசும் கட்டி முடிச்சு, ஆனா மீட்டதுக்கு உறுதி எழுதிப் பதியாமல் விட்டிருப்பினம், அந்த ஈடு பதிவில அப்பிடியே நிக்கும். வாங்க வாறவன்ர லோயர் முதல்ல பிடிக்கிறது அதைத்தான்.

அடுத்தது தேசவழமை, அதுதான் யாழ்ப்பாணத் தமிழற்ர வழமைச் சட்டம். அம்மா கலியாணம் முடிச்ச பெண், தன்ர சீதனமா இருந்தாலும் அசையாச் சொத்தை விக்கப் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும் எண்டு 1911ம் ஆண்டுச் சட்டத்தில கிடக்கு. சொந்த வீட்டை விக்கிறதுக்கு அப்பான்ர கையெழுத்து ஏன் எண்டு என்ர மகளும் கேக்கிறவள், நியாயமான கேள்விதான், மாத்தோணும் எண்டு கன காலமாக் கதைக்கவும் செய்யினம். என்னண்டாலும் அப்பாவும் உறுதியில சேந்து கையெழுத்து வைச்சால் பிறகு ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது.

மற்றது, கன பேர் மறக்கிற விசயம். முதல்ல வாங்கிற உரிமை எண்டு ஒண்டு இருக்கு, 1947ம் ஆண்டுச் சட்டம். காணியில பங்குகாரர் ஆரும் இருந்தால் அவைக்கும், விக்கிறவருக்கு உரித்தாளியா வரக்கூடிய ஆக்களுக்கும், வெளியாளுக்கு விக்க முதல் வாங்கிற உரிமை இருக்கு. உங்கட விசயத்தில அது நீங்களும் அண்ணாவும். போனில "ஓம் ஓம் வில்லுங்கோ" எண்டு சொன்னது காணாது, அண்ணாவிட்ட எழுத்தில வாங்கி வையுங்கோ. அண்ணன் தங்கச்சிக்குள்ள இதெல்லாம் என்னத்துக்கு எண்டு நினைப்பியள், ஆனா அண்ணாவை நம்புறது நீங்கள், வாங்கிறவன் இல்லை.

வெள்ளவத்தை_வாசி

அக்கா என்ன விலை? கிணத்துத் தண்ணி எப்பிடி, சவரோ? 2 பரப்பு 9 குழி எண்டா எத்தினை பேர்ச்?

கொக்குவில்காரி

தம்பி, விலை இன்னும் முடிவாகேல்லை. ஒரு பரப்பு பத்துப் பேர்ச், 9 குழி அரைப் பரப்பு, இது ரெண்டரைப் பரப்பு, அப்ப 25 பேர்ச். தண்ணி நல்ல தண்ணி, குடிக்கிறதும் அதுதான், இந்த வருசம் வெயிலுக்கும் வத்தேல்லை.

ஐயா, சரியான நன்றி. அண்ணான்ர விசயம் நான் யோசிச்சே பாக்கேல்லை.

சுன்னாகத்தான்

நாங்கள் தரகர் இல்லாமல்தான் மாமியின்ர வீட்டை வித்தனாங்கள், செய்யலாம் அக்கா.

விலை: தரகர் சொல்லுற விலையையும் நம்பாதேங்கோ, சொந்தக்காரர் சொல்லுறதையும் நம்பாதேங்கோ. "பக்கத்து ஒழுங்கையில பரப்பு இவ்வளவுக்குப் போச்சுது" எண்டு சொல்லுறவை ஒருத்தரும் அந்த உறுதியைக் கண்டவை இல்லை. ஒரு மதிப்பீட்டாளரைப் பிடிச்சுக் காசு குடுத்து அறிக்கை ஒண்டு எடுங்கோ, காணிக்கு எவ்வளவு வீட்டுக்கு எவ்வளவு எண்டு பிரிச்சு எழுதுவார். இஞ்ச காணிக்குத்தான் விலை. அம்மா ஆசை ஆசையாய் மாத்தின ஓட்டுக்கும் போட்ட மாபிளுக்கும் செலவழிச்ச காசு திரும்பி வராது, அதை முதலே அம்மாக்குச் சொல்லி வையுங்கோ, இல்லாட்டி வாற ஆக்களோட சண்டைதான்.

வெளியில விளம்பரம் போட முதல் நாலு பக்க எல்லைக்காரருக்கும் போய்ச் சொல்லுங்கோ. மகளுக்குச் சீதனம் குடுக்க, மகன் வந்தால் இருக்க எண்டு பக்கத்துக் காணிக்காரர் காத்துக்கொண்டு இருப்பினம், வெளியாள் தராத விலையை அவை தருவினம். உங்களுக்குக் கிணறும் பங்கு எண்டபடியால் அந்த வீட்டுக்காரரிட்ட முதல் போங்கோ. வாங்காட்டியும் பரவாயில்லை, "இந்தக் கிணத்தில அவைக்குப் பங்கு கிடக்கு, பிரச்சினை இல்லை" எண்டு வாற ஆளுக்கு முன்னால ஒரு வார்த்தை சொன்னாரெண்டால் காணும். உறுதியில கிணத்துப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதிக் கிடக்கோ எண்டும் பாருங்கோ, சிலதில ஒரு தலைமுறைக்கு எழுதி அடுத்த உறுதியில விட்டுப்போட்டினம்.

விளம்பரத்துக்கு உதயன், வலம்புரி, இக்மன், பேஸ்புக் எல்லாம் சரி. விலையைப் போடுங்கோ. "விலை நேரில்" எண்டு போட்டால் போன் அடிக்கிறதில முக்கால்வாசி விடுப்புக் கேக்கிற ஆக்களும் தரகர்மாரும்தான். தரகர் வேண்டாம் எண்டு கொட்டை எழுத்தில போட்டாலும் "லண்டனில இருக்கிற மச்சானுக்குப் பாக்கிறன்" எண்டு எடுப்பினம், "மச்சான்ர நம்பரைத் தாங்கோ, நானே கதைக்கிறன்" எண்டு கேளுங்கோ, லைன் கட்டாகும். சிம் ஒண்டு புதுசா எடுத்துப் போடுங்கோ, அப்பாவின்ர போனைக் குடுத்தால் மனுசன் மத்தியானம் கண் அயரேலாது.

உறுதியின்ர படத்தை மட்டும் பேஸ்புக்கில போட்டிடாதேங்கோ. பாக்கோணும் எண்டு மெய்யா நிக்கிற ஆளுக்கு போட்டோக் கொப்பி குடுங்கோ, நடுவில குறுக்கால "பார்வைக்கு மட்டும்" எண்டு பேனையால எழுதி, திகதியும் போட்டு. கள்ள உறுதி முடிக்கிற கூட்டம் இஞ்ச இருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே.

திருநெல்வேலிச்_சந்தி

எல்லாரும் தரகரைக் கள்ளர் எண்டு எழுதுறியள். நல்ல ஆக்களும் இருக்கினம். அந்தப் பிள்ளை வேலைக்கும் போய், அப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஞாயிறுகளில வான் பிடிச்சு வாற குடும்பங்களுக்கு வீட்டையும் காட்டி... வாற ஆக்கள் வாஸ்து பாக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வந்து வாசல் எந்தத் திக்கு, கிணறு எந்த மூலை எண்டு ஒரு மணித்தியாலம் நிப்பினம், பிறகு மார்கழி கழியட்டும் எண்டிட்டுப் போவினம். அதுக்கு ஒருத்தர் நிண்டால் அந்தக் காசு பிழையே?

ஆனா அந்தக் "கையில எவ்வளவு வேணும்" எண்ட ஆளை விடுங்கோ தங்கச்சி. அவர் மேல வைச்சு விக்கப் பாக்கிறார், உங்களுக்கு ஒரு விலை, வாங்கிறவருக்கு ஒரு விலை. தரகர் எண்டால் இத்தினை வீதம், உறுதி முடிஞ்ச அண்டைக்குத்தான் காசு, வாங்கிறவரிட்டயும் எடுக்கிறாரோ எண்டு சொல்லோணும், இவ்வளவும் எழுத்தில. இன்னொண்டு, ஒரு தரகர் ஒருக்கா ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிப்போட்டால் பிறகு அந்த ஆளுக்கு நீங்கள் நேர வித்தாலும் கொமிசனுக்கு வந்து நிப்பார். அதால தனியச் செய்யிறதெண்டால் இப்பவே ஒருத்தரையும் உள்ள விடாதேங்கோ.

ஸ்காபரோ_சித்தி

நான் இஞ்ச இருந்து எழுதுறன். வாங்க வாறவை கன பேர் எங்கட வெளிநாட்டு ஆக்களாத்தான் இருப்பினம், அவையிட்ட முதல் கேள்வி, இலங்கைப் பிரசாவுரிமை இருக்கோ? 2014ம் ஆண்டு வந்த சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசை இலங்கையில காணி வாங்கேலாது. இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவை வாங்கலாம். இல்லாதவை ஊரில தமக்கையின்ர பேரிலயோ தம்பியின்ர பேரிலயோ எழுதுவம் எண்டுவினம், அது அவையின்ர பாடு, ஆனா உறுதியில ஆற்ர பேர் எண்டு அவைக்குள்ள முடிவாகாமல் உங்களை மாசக்கணக்கில காக்க வைப்பினம். ஆளே வராமல் அற்றோணித் தத்துவத்தில, அதுதான் தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருத்தருக்கு எழுதிக் குடுக்கிற பத்திரத்தில, வாங்கினால் அந்தப் பத்திரத்தை உங்கட லோயர் வாசிச்சுப் பாக்கட்டும்.

வரி விசயமும் சொல்லுறன். சொத்து வித்த லாபத்துக்கு 2018 ஏப்ரலில இருந்து வரி இருக்கு. ஆனா சொந்தமா மூண்டு வருசம் தொடர்ந்து வைச்சிருந்து அதில ரெண்டு வருசமாவது குடியிருந்த சொந்த வதிவிடத்துக்கு விலக்கு இருக்கு, உங்கட அம்மா அதுக்குள்ள வருவா. குடியிருந்ததுக்கு ஆதாரம் கறண்ட் பில்லும் வாக்காளர் இடாப்பும். எங்கட வீடு வாடகைக்குக் குடுத்தது, அதால எங்களுக்கு விலக்கு இல்லை, 2017 செப்ரெம்பர் 30ல என்ன பெறுமதி எண்டு மதிப்பீடு எடுத்து அதுக்கு மேல வந்த லாபத்துக்குத்தான் கணக்குப் பாத்தது. பழைய உறுதியில கிடக்கிற சொற்ப விலையில இருந்து கணக்குப் பாக்க வேண்டியதில்லை, இது தெரியாமல் பயப்பிடுற ஆக்கள் கன பேர்.

கொக்குவில்காரி

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விசயம் கேக்கோணும். ஒருத்தர் இப்பவே வந்து பாத்திட்டுப் போனவர், பிடிச்சிருக்கு எண்டு அஞ்சு லட்சம் முற்பணம் தாறன், ஒரு வெள்ளைத் தாளில எழுதித் தாங்கோ எண்டு நிக்கிறார். மற்றது, உறுதியில விலையைக் குறைச்சுப் போடுவம் எண்டும் சொல்லுறார். பாங்க் லோனும் எடுக்கப் போறாராம்.

நல்லூர்_பென்சன்காரர்

வாங்காதேங்கோ. காணி விக்கிறது மட்டுமில்லை, விக்கிறன் எண்டு குடுக்கிற உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால ரெண்டு சாட்சியோட எழுதினால்தான் கோட்டில நிக்கும், 1840ம் ஆண்டில இருந்து அதுதான் சட்டம். வெள்ளைத் தாளை வைச்சு அவர் வீட்டை எடுக்கவும் ஏலாது, நீங்கள் அவரைப் பிடிச்சு வாங்க வைக்கவும் ஏலாது, ஆனா அஞ்சு லட்சம் உங்களிட்ட நிக்கும், அதை வைச்சு நாளைக்குச் சண்டை வரும். முற்பணம் வாங்கிறதெண்டால் நொத்தாரிசு உடன்படிக்கை எழுதி, எத்தினையாம் திகதிக்குள்ள முடிக்கோணும், அவர் பின்வாங்கினால் காசு என்னாகும், நீங்கள் பின்வாங்கினால் என்னாகும், எல்லாம் அதில வரட்டும்.

விலை குறைச்சுப் போடுறது முத்திரை வரிக்காக. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு பேச்சுக்கு 2 கோடி எண்டால் 3,000மும் 7,96,000மும், மொத்தம் 7,99,000 ரூபா. அது வழமையா வாங்கிறவர் கட்டுறது, அப்ப குறைச்சால் லாபம் அவருக்கு, பொய் விலைக்குக் கையெழுத்து வைக்கிறது உங்கட அம்மா. பெறுமதி காணாது எண்டு பிறகு விசாரணை வந்தால் பதில் சொல்லவும் வேணும். அதுமட்டுமில்லை, உறுதியில ஒரு கோடி, கையில இன்னொரு கோடி எண்டால் அந்த மற்றக் கோடியைப் பாங்கில போடேக்க எங்கால வந்தது எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்? மானிப்பாய் வீட்டுக்கும் அந்தக் காசுதானே.

லோன் எடுக்கிறார் எண்டால் ஒருபக்கம் நல்லது, பாங்க் லோயர் உறுதியைத் துருவித் துருவிப் பாப்பார், அப்ப உங்கட கடதாசி சுத்தம் எண்டு அவருக்கும் விளங்கும். ஆனா பாங்க் காசு விடுறது வீடு அவற்ர பேருக்கு மாறி, அதை ஈடு எழுதினாப் பிறகுதான். அதாவது நீங்கள் கையெழுத்து வைக்கேக்க காசு முழுக்க வந்திருக்காது. ரெண்டு உறுதியும் ஒரே நாளில, ஒரே மேசையில முடியோணும், மிச்சக் காசை நேர அம்மான்ர கணக்குக்குப் போடுவம் எண்டு பாங்கிட்ட இருந்து கடிதம் முதலே வாங்கோணும். கடிதம் தரமாட்டினம் எண்டால் அந்த ஆள் வேண்டாம். பின்பக்கம் சேத்துக் கட்டின அறைக்குப் பிரதேச சபை அனுமதி எடுத்ததோ எண்டும் பாருங்கோ, பாங்க் அதைக் கேக்கும், சபைக்குச் சோலைவரி (வீட்டு வரி) கட்டின துண்டும் கேக்கும்.

அவற்ர நொத்தாரிசு எழுதட்டும், அது வழமைதான். ஆனா கையெழுத்து வைக்க முதல் உங்கட லோயர் ஒருத்தர் வாசிக்கோணும், அந்தக் காசை மிச்சம் பிடிக்காதேங்கோ.

சுன்னாகத்தான்

ஐயா சொன்னது அத்தினையும் சரி. பிளானும் புதுசா ஒருக்கா அளந்து எடுங்கோ அக்கா. 9 குழி எண்டு உறுதியில கிடக்கும், மதில் கட்டேக்க ஒரு பக்கம் உள்ள வந்திருக்கும், வாங்கிறவர் சேர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்து கண்டுபிடிச்சால் விலையைக் குறைக்க அது ஒரு சாட்டு.

கொக்குவில்காரி

சரி, அந்த ஆளுக்கு நொத்தாரிசு உடன்படிக்கை எண்டால் வாங்கோ எண்டு சொல்லியாச்சு, யோசிச்சுச் சொல்லுறன் எண்டவர். அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வாறார், அவற்ர கடிதத்தை அப்ப நேர லோயரிட்ட வைச்சு எழுதுவிக்கிறன்.

ஸ்காபரோ_சித்தி

அப்ப விளம்பரத்தையும் திருவிழாவுக்குக் கொஞ்சம் முதல் போடுங்கோ பிள்ளை. இஞ்ச இருந்து வாற சனம் முழுக்க அந்த நேரம் ஊரில நிக்கும், காசு வைச்சிருக்கிற ஆள் தன்ர கண்ணால வந்து பாக்கும். அதுக்குள்ள பிளானையும் பதிவகத்துப் பிரதியையும் எடுத்து முடியுங்கோ.

வெள்ளவத்தை_வாசி

விலை முடிவானால் எனக்கும் ஒரு மெசேஜ் போடுங்கோ அக்கா, நான் தரகர் இல்லை 😅