டயாலிசிஸ் கிடையாது என்கிறார்கள். உயிர் வாழும் உரிமையைச் சொல்லி வழக்குப் போடலாமா?

சுதா, சாட்ஸ்வொர்த்:

வணக்கம். என் கணவரின் தாய்மாமனுக்கு 58 வயது, இரண்டு கிட்னியும் போய்விட்டது. பல வருஷமாகச் சர்க்கரை, போதாததற்கு இதயத்திலும் அடைப்பு. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தவரை தனியாரில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்தது. வேலை போனதும் மெடிக்கல் எய்டும் போச்சு. பிள்ளைகள் காரை விற்றுக் கொஞ்ச நாள் ஓட்டினார்கள், இனிமேல் முடியாது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் (எது என்று வேண்டாம்) டாக்டர்கள் கூடிப் பேசிவிட்டு "இவரைத் திட்டத்தில் சேர்க்க இயலாது" என்றார்கள். எல்லாம் வாய்வார்த்தைதான், கையில் கொடுத்தது மாத்திரைச் சீட்டு மட்டும்.

நான் கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு, இந்த டர்பனுக்கு வந்தவள். இந்த நாட்டு அரசியல் சட்டத்தை உலகமே மெச்சுகிறது என்பார்கள், அதன் 11-ஆம் பிரிவு எல்லோருக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு என்று ஒரே வரியில் சொல்கிறதாம். பிறகு எப்படி ஒரு மனுஷனை வீட்டுக்குப் போ என்று அனுப்ப முடிகிறது? கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா?

பழைய குமாஸ்தா:

தங்கச்சி, இதே கேள்வியோடு இதே டர்பனிலிருந்து ஒருவர் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போயிருக்கிறார், அதுவும் நம்ம ஆள். தியாகராஜ் சூப்பிரமணி, 41 வயது, சர்க்கரை, இதய நோய், பக்கவாதம் வந்தவர், வேலையும் இல்லை. தனியாரில் பணம் தீர்ந்து அடிங்டன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார், மறுத்துவிட்டார்கள். 11-ஆம் பிரிவையும், அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிற 27(3)-ஐயும் காட்டி வழக்குப் போட்டார். 1997 நவம்பரில் தோற்றார், தீர்ப்பு வந்து சில நாளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நீதிமன்றம் சொன்னது இதுதான்: அவசரம் என்றால் திடீரென வந்து விழும் ஆபத்து, ஆண்டுக்கணக்கில் வாரா வாரம் தேவைப்படும் டயாலிசிஸ் அதில் அடங்காது. அது மருத்துவ வசதி பற்றிய 27-ஆம் பிரிவின் மற்ற உட்பிரிவுகளில் வரும், அங்கே அரசு தன்னிடம் இருக்கும் வசதிக்குள் நியாயமாக நடந்துகொண்டால் போதும்.

இந்தியாவில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரைக் கொல்கத்தா பக்கம் பல அரசு ஆஸ்பத்திரிகள் சேர்க்க மறுத்து, 1996-இல் சுப்ரீம் கோர்ட் 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை நம் நீதிபதிகளும் எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அங்கே சட்டத்தில் மருத்துவ உரிமை என்று தனியாக இல்லை, அதனால் உயிர் உரிமைக்குள் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, இங்கே தனிப் பிரிவே இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே 11-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு போனால் நிற்காது.

ஃபீனிக்ஸ்காரன்:

இதை நியாயம் என்று எழுத எப்படி மனசு வருகிறது? 1995-இல் இதே நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்துத் தூக்குத் தண்டனையை ஒழித்தார்கள், காரணம் உயிரும் மானமும் என்றார்கள். சரி, நானும் தூக்குக்கு எதிரிதான். ஆனால் கொலைகாரனின் உயிரைத் தொடக் கூடாது, கரும்புக் காட்டில் முதுகொடிந்தவன் பேரன் மெஷின் இல்லாமல் சாகலாம் என்றால் அது என்ன உரிமை? சிறையில் இருப்பவனுக்கு அரசு செலவில் வைத்தியம் தர வேண்டும் என்று 35-ஆம் பிரிவில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள், வெளியில் இருப்பவனுக்கு மட்டும் "வசதிக்குள்". காசு உள்ளவன் பிழைக்கிறான், இல்லாதவன் செத்துப்போகிறான், இடையில் சட்டப்புத்தகம் எதற்கு?

ரேணுகா (டயாலிசிஸ் நர்ஸ், இப்போது ஓய்வு):

ஃபீனிக்ஸ் அண்ணே, உங்கள் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் அந்த அறைக்குள் நின்று பாருங்கள். ஒருவருக்கு நாலு மணி நேரம் ஓடும், அப்புறம் மெஷினைக் கழுவிச் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம். அந்த வழக்கின்போது அடிங்டனில் இருந்தது 20 மெஷின், அதிலும் சில பழசு. சூப்பிரமணிக்கு இடம் கொடு என்று கோர்ட் உத்தரவு போட்டிருந்தால், செவ்வாய்க்கிழமை காலை அந்த நாற்காலியில் உட்காரும் யாரையோ நாங்கள்தான் எழுப்பி அனுப்பியிருக்க வேண்டும். அந்த ஆள் கோர்ட்டில் இல்லை, அவருக்காகப் பேச வக்கீலும் இல்லை. தூக்கில் போடாதே என்பதற்கு அரசு கையைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும், டயாலிசிஸுக்கு மெஷினும் தண்ணீர்ச் சுத்திகரிப்பும் பழகிய கைகளும் வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவர்களுக்குத்தான் முதலிடம் என்று அன்றைக்கு விதி இருந்தது, ஏனென்றால் அவர்கள் ஒருநாள் மெஷினை விட்டு எழுந்து போவார்கள், அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். இதயமும் கெட்டிருந்தால் பட்டியலில் ஏறுவது கஷ்டம். கையில் ஃபிஸ்டுலா போட்டு (டயாலிசிஸ் ஊசிக்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைப்பது), விரல் வைத்தால் தோலுக்கடியில் ரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரியும், அப்படி ஊசிக்குத் தயாராக இருந்த கையோடு திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். விதி சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மெஷின் இத்தனைதான் என்று மேலே முடிவு பண்ணியவர்களைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்.

சுதா, வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே திரவத்தை மாற்றும் முறை ஒன்று இருக்கிறது, மாமாவுக்கு அது ஒத்துவருமா என்று கேட்டீர்களா? மூச்சுத் திணறினாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்காவது தூக்கிக்கொண்டு போங்கள், வாசலில் தயங்காதீர்கள்.

பழைய குமாஸ்தா:

ரேணுகாம்மா சொன்ன கடைசி விஷயத்துக்குச் சட்டம் இருக்கிறது: 2003-ஆம் வருஷத்து தேசிய சுகாதாரச் சட்டம், 5-ஆம் பிரிவு. அவசர சிகிச்சையைத் தனியார் ஆஸ்பத்திரியும் மறுக்கக் கூடாது.

ஃபீனிக்ஸ் தம்பிக்கு ஒன்று. கோர்ட் எப்போதும் கைவிரித்துவிடவில்லை. 2002-இல் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கான நெவிரபின் மருந்தை மாகாணத்துக்கு இரண்டே இடத்தில் மட்டும் கொடுப்போம் என்று அரசு அடம்பிடித்தது, கம்பெனி இலவசமாகத் தருகிறேன் என்று சொல்லியும். அதை நியாயமில்லை என்று தள்ளிவிட்டு, மற்ற அரசு ஆஸ்பத்திரிகளிலும் கொடுங்கள் என்றது அதே நீதிமன்றம்தான்.

சுதா, ஆகவே வழக்கு என்று குதிக்காமல் முதலில் எழுத்தில் காரணம் கேளுங்கள். அரசியல் சட்டத்தின் 33-ஆம் பிரிவும் 2000-ஆம் வருஷத்து நிர்வாக நீதிச் சட்டமும் அந்த உரிமையைத் தருகின்றன. முடிவு தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் கேட்க வேண்டும், பதில் தர அவர்களுக்கும் 90 நாள் உண்டு, மாமாவால் அவ்வளவு காத்திருக்க முடியாது என்பதால் கடிதத்திலேயே உடல்நிலையை எழுதி அவசரம் என்று போடுங்கள். என்ன விதி, எந்தக் குழு, மாமா எந்த இடத்தில் விழுந்தார், மூன்றும் தெரிய வேண்டும். விதியைத் தப்பாகப் போட்டிருந்தாலோ, விதியே இல்லாமல் ஆளைப் பார்த்து முடிவு செய்திருந்தாலோ அங்கேதான் பிடி கிடைக்கும். லீகல் எய்டில் (இலவசச் சட்ட உதவி) கேட்டுப் பாருங்கள்.

சுதா, சாட்ஸ்வொர்த்:

எல்லோருக்கும் நன்றி. வயிற்றுக் குழாய் முறை பற்றி யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை, திங்கள் கேட்கிறேன். கடிதத்தை மாமா பெயரில் எழுதணுமா, என் கணவர் கையெழுத்துப் போட்டால் போதுமா?

பழைய குமாஸ்தா:

மாமாவே போடட்டும். கை நடுங்கினால் உங்கள் கணவருக்கு அதிகாரம் கொடுத்து ஒரு தாள் எழுதி, அதையும் கூடவே வையுங்கள். நகலில் ஆஸ்பத்திரி முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.