கொடிகாமம் வீட்டார் குடும்பக் குழு (லண்டன், ஹரோ)

அண்ணா: அம்மா போன் எடுக்கவில்லையே, எங்கே?

நான்: நாளை நடக்கப்போகிற பாதையை இன்றைக்கே நடந்து பார்க்கப் போயிருக்கிறார். ஹெட்ஸ்டோன் மேனர் பூங்கா. எங்கே வாங்கு இருக்கிறது, எங்கே சேறு, கழிப்பறை திறந்திருக்கிறதா, எல்லாம் கொப்பியில் எழுதுகிறார்.

சித்தப்பா: 63 வயதில் விளையாட்டு வாத்தியார் வேலையா 😄

நான்: வாத்தியார் இல்லை சித்தப்பா, நடைக்கு வழிகாட்டி. ராம்ப்ளர்ஸ் என்ற பிரித்தானிய நடைபயண அமைப்பின் வெல்பீயிங் வாக்ஸ், அதாவது நலத்துக்கான குழு நடை. பயிற்சி எடுத்த தொண்டர்கள்தான் கூட்டிப் போகிறார்கள். காசு இல்லை, 90 நிமிடத்துக்கு மேல் போகாது.

மச்சாள்: மாமி பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லையே!

நான்: அதனால்தான் ஆட்கள் வருகிறார்கள். போன வருடம் ஒரு ஜிம்முக்குக் கூட்டிப் போனேன். சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கு இருபது வயதுதான் இருக்கும், பாட்டுச் சத்தத்தில் அவள் சொன்னது எனக்கே விளங்கவில்லை. அம்மா கண்ணாடி முன்னால் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டபடி நின்றார். இரண்டு நாள், அவ்வளவுதான். இப்போது அதே சேலை, மேலே கம்பளிச் சட்டை, காலில் சப்பாத்து. கோயிலில் கண்ட நாலு பேர் "நீங்களே போறீங்களோ, அப்ப நாங்களும் வாறம்" என்றார்களாம்.

பெரியம்மா: எனக்கு முழங்கால் நோ. எல்லாரும் போய்விடுவார்கள், நான் தனியே நிற்பேன்.

அம்மா: வந்துவிட்டேன். அக்கா, கடைசியில் வருவதுதான் என் வேலை. முன்னால் ஒருவர், பின்னால் நான். நான் எவரையும் முந்தக்கூடாது. நீங்கள் நின்றால் நானும் நிற்பேன்.

சித்தப்பா: அப்ப நடையா, கதையா?

அம்மா: கதைக்கத்தான் வேண்டும் தம்பி. கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. ஒரு அன்ரி தேவாரம் முழுக்கப் பாடிக்கொண்டு வந்தா. கொஞ்சம் எட்டி வையுங்கோ என்றேன்.

மச்சாள்: பயிற்சி ஆங்கிலத்தில்தானே மாமி?

அம்மா: ஓம், பாதி விளங்கியது, மீதியை மகளிடம் கேட்டேன். ஆனால் புதிதாக வருகிறவரிடம் நெஞ்சுநோ, தலைச்சுற்று இருக்கிறதா என்று கேட்கவேண்டும். ஆங்கிலத்தில் கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "நோ", இல்லை என்றுதான் சொல்வார்கள். தமிழில் கேட்டால் ஊரில் இருந்து தொடங்கி முழு வருத்தமும் வரும்.

அண்ணா: கிழமைக்கு எவ்வளவு நடக்கவேண்டுமாம்?

நான்: 150 நிமிடம். அதோடு இரண்டு நாள் தசைக்கும் வேலை. உங்களுக்கும்தான் அண்ணா. தெற்காசிய ஆட்களுக்கு உடல் நிறைச் சுட்டி (BMI, உயரத்துக்கு ஏற்ற எடை அளவு) 23 ஆனாலே சர்க்கரை வருத்த ஆபத்து கூடுகிறது என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் (NICE) சொல்கிறது.

அண்ணா: 👀

அம்மா: ஒரு பிழையும் விட்டேன். போன கிழமை புறப்படும்போது 12 தலை. தேத்தண்ணி குடிக்கும்போது எண்ணினால் 11. கதை சுவாரசியத்தில் நான் முன்னால் போய்விட்டேன். விடுபட்டவ பூங்காவின் அகழிக்கரையில் இருந்து மகளுடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தா. கோபிக்கவில்லை. இனி நடுவிலும் எண்ணுவேன்.

பெரியம்மா: நாளைக்கு எத்தனை மணி?

அம்மா: பத்தரை. சப்பாத்து இருக்கிறதா அக்கா?

பெரியம்மா: பேத்தியின் பழையது இருக்கிறது, ஊதா நிறம். எனக்குக் குனிய ஏலாது, நாடா நீதான் கட்டிவிட வேண்டும்.

அம்மா: ஓம், பத்தேகாலுக்கு வாங்கோ.