ஸ்ப்ளெண்டர் பைக்குக்கு எந்த இன்ஜின் ஆயில்? – புதுப்பிப்பு

"கடலூர் வெயிலுக்கு 10டபிள்யூ-30 ஆயில் தாங்காது, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊத்துங்க" என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதை எழுதி, உங்களிடம் யோசனை கேட்டிருந்தேன். கையேட்டைப் பார்க்கச் சொன்னீர்கள். அதில் 10டபிள்யூ-30தான், அதையே ஊற்றிவிட்டேன். தவளக்குப்பம் நெரிசலில் ஊர்ந்து வந்த பிறகும் நியூட்ரல் சுலபமாக விழுகிறது.

நம் ஊரில் பனியா கொட்டுகிறது, குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்று சொல்லும் முதல் எண் (10டபிள்யூ) எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பின்னால் வரும் எண் 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கிறது. அதோடு பார்த்தால், காலையில் 28 டிகிரியில் நிற்கும் இன்ஜினும் குளிர்ந்த இன்ஜின்தான். கிக் அடித்ததும் ஆயில் மேலே கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) வரை சட்டென்று ஏற வேண்டும். தேய்மானம் அதிகம் நடப்பது அந்த நேரத்தில்தான். கெட்டி ஆயில் அங்கே தாமதிக்கும்.

அப்புறம், கேனில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) என்று இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். பைக்கின் கிளட்ச் அதே ஆயிலில்தான் ஊறுகிறது. உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

தம்பியின் பழைய பல்சருக்குக் கையேட்டிலேயே 20டபிள்யூ-50. அதற்கு அதுதான் சரி.