குடும்பக் குழு: செந்தில் பாஸ்போர்ட் விஷயம்

செல்வி: செந்திலுக்குக் குவைத்தில் எலக்ட்ரீஷியன் வேலை சரியாகிவிட்டது. பாஸ்போர்ட் முடியப்போகிறது, புதுப்பிக்க இன்று ராத்திரியே விண்ணப்பம் போடுகிறான். எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.

குமார்: ரொம்ப சந்தோஷம் செல்வி. நல்லபடியாகப் போய் வரட்டும்.

மீனா: வாழ்த்துகள்டா தம்பி. அந்தத் திருவிழா கேஸ் என்ன ஆனது?

செந்தில்: இன்னும் நடக்கிறது அக்கா. வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி வருகிறது. சின்ன அடிதடி கேஸ்தானே, "இல்லை" என்று போடு, யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிறார் ஏஜென்ட்.

மீனா: போடாதே. அனுப்பிவிட்டாயா?

செந்தில்: இல்லை அக்கா, நிரப்பி வைத்திருக்கிறேன்.

மீனா: அதில் கை வைக்காதே. பஸ் ஏறியதும் விவரமாக எழுதுகிறேன்.

செல்வி: என்ன மீனா, பயமாக இருக்கிறதே.

மீனா: பயப்பட ஒன்றும் இல்லை சித்தி. வழி இருக்கிறது. மறைத்தால்தான் வம்பு. பாஸ்போர்ட் சட்டம் 1967, 12ஆவது பிரிவு: தகவலை மறைத்தோ பொய் சொல்லியோ பாஸ்போர்ட் வாங்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் இருக்கிற பாஸ்போர்ட்டையும் முடக்கலாம். விசாரணை எந்த ஸ்டேஷனுக்கு வரும்? கேஸ் போட்ட அதே ஸ்டேஷனுக்குத்தான். அங்கே இருக்கிற ஏட்டுக்கு இவன் முகமே தெரியும்.

குமார்: எஃப்.ஐ.ஆர். போட்டாலே பாஸ்போர்ட் கிடையாது என்று ஊரில் சொல்கிறார்களே?

மீனா: அது தப்பு மாமா. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கு ஆகாது. போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, கோர்ட் அதைக் கோப்புக்கு எடுத்த பிறகுதான் ஆகும். வெளியுறவுத் துறையே 2019 அக்டோபரில் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறது. செந்தில், உனக்கு சி.சி. நம்பர், அதாவது கோர்ட்டின் வழக்கு எண், விழுந்துவிட்டதா?

செந்தில்: விழுந்துவிட்டது அக்கா. பழைய ஐ.பி.சி.யில் மூன்று பிரிவு: ஆபாசமாகத் திட்டியது 294(பி), அடித்தது 323, மிரட்டியது 506(1). சம்மனும் வந்தது.

மீனா: அப்படியென்றால் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். கேஸ் நடக்கிற மஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலேயே மனு போடலாம். 1993ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை ஒன்று இருக்கிறது, எண் ஜி.எஸ்.ஆர். 570(இ). கோர்ட் எத்தனை வருடம் என்று சொல்கிறதோ அத்தனை வருடத்துக்கு பாஸ்போர்ட் தருவார்கள். கால அளவே சொல்லாவிட்டால் ஒரு வருடம்தான். அதனால் மனுவிலேயே பாஸ்போர்ட் எத்தனை வருடம் வேண்டும், எந்த நாடு, என்ன வேலை என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பலர் "வெளிநாடு செல்ல அனுமதி" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் ஒரு வருடப் பாஸ்போர்ட்டோடு அலைகிறார்கள்.

செந்தில்: வேலை ஒப்பந்தமே இரண்டு வருடம் அக்கா.

மீனா: அதன் நகலை மனுவோடு வைப்போம். கூப்பிடும்போது கோர்ட்டில் ஆஜராவேன் என்று நீ உறுதிமொழியும் கொடுக்க வேண்டும்.

குமார்: எதற்கு இவ்வளவு இழுப்பு? சின்ன கேஸ்தானே. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும். அவன் வக்கீலும் அதைத்தான் சொன்னாராம்.

மீனா: மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதை மட்டும் செய்யவே கூடாது. ஒப்புக்கொண்டு 500 ரூபாய் கட்டினாலும் அது தண்டனைதான். ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் நாளைக்கு எந்த நாட்டு விசா படிவத்திலும் "தண்டனை பெற்றதுண்டா" என்ற இடத்தில் ஆயுசுக்கும் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். இருபத்தாறு வயதுப் பையனுக்கு இது தேவையா?

அருள்: அக்கா சொல்வது முழுக்க சரி. டொராண்டோவில் என்னோடு வேலை பார்ப்பவரின் அப்பாவுக்கு இதுதான் நடந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஊரில் பிடித்து, கோர்ட்டில் அபராதம் கட்டி முடித்துவிட்டார். விசா போடும்போது பெரிய சிக்கல். ஊரில் என்ன தண்டனை கொடுத்தார்கள் என்பதைவிட, அதே காரியத்தைக் கனடாவில் செய்தால் என்ன குற்றம் என்றுதான் இங்கே பார்க்கிறார்கள். 2018 டிசம்பரிலிருந்து அதற்கு அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு, அதாவது கடுமையான குற்றம். மறைத்து மாட்டினால் 5 வருடம் உள்ளேயே விட மாட்டார்கள்.

செல்வி: அமெரிக்காவிலும் இப்படியா?

அருள்: அங்கே கைதானதுண்டா என்றே கேட்பார்கள் சித்தி. விடுதலை ஆகியிருந்தாலும் "ஆம்" போட்டு, தீர்ப்பு நகலை வைக்க வேண்டும்.

செந்தில்: அன்று அடிபட்டவர்கள் வீட்டோடு எனக்கு இப்போது பேச்சுவார்த்தை இருக்கிறது அக்கா. கல்யாணத்துக்குக்கூட வந்தார்கள்.

மீனா: இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! 323, 506(1) இரண்டிலும் சமரசம் செய்துகொள்ளலாம். 294(பி)யில் முடியாது. அதனால் இரண்டு தரப்பும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கையே ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம். முன்பு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 528. ரத்தானால் தண்டனை என்ற பேச்சே இல்லை. அதற்குள் நாள் ஆகுமென்றால், இங்கே தஞ்சாவூரில் அனுமதி மனு தனியாக ஓடட்டும்.

குமார்: அப்படியானால் அந்த வீட்டுப் பெரியவரிடம் நானே போய்ப் பேசுகிறேன். எனக்குப் பழக்கம்தான். நான் சொன்னதை விட்டுவிடு செந்தில்.

செல்வி: குவைத்துக்கு பி.சி.சி., அதுதான் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ், வேறு கேட்கிறார்களே மீனா?

மீனா: அதற்கும் இதே கதைதான் சித்தி. போலீஸ் அறிக்கை வந்துதான் கொடுப்பார்கள், அதிலும் வழக்கு தெரியும். வழக்கு முடிந்த உத்தரவின் சான்றிட்ட நகல் கையில் இருந்தால் பேச இடம் இருக்கிறது. கம்பெனியிடம் இரண்டு மாதம் கூடுதலாகக் கேட்கச் சொல்லுங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செந்தில்: அதையும் சொன்னார் அக்கா.

மீனா: பழைய பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?

செந்தில்: ஏஜென்டிடம்தான்.

மீனா: காலையில் முதல் வேலையாக அதை வாங்கு. மாமாவையும் கூட்டிக்கொண்டு போ. அப்புறம் குற்றப்பத்திரிகை நகல், சம்மன், வேலைக் கடிதம், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் கோர்ட் வளாகத்துக்கு வா. உன் வக்கீலிடம் நானும் பேசுகிறேன், அவரை விட்டுவிட்டுச் செய்வதாக இருக்கக் கூடாது.

செந்தில்: சரி அக்கா. நிரப்பியதை அழித்துவிட்டேன்.

செல்வி: நானும் வருகிறேன் மீனா. மதியம் உனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டு வருகிறேன்.