பொருள்: லேசர் அதிர்வு அளவிக்குத் தமிழ்ப் பெயர்

நண்பர்களே,

லேசர் பாய்ச்சி, தொடாமலே அதிர்வை அளக்கும் கருவிக்கு இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: தொலை அதிர்வுமானி, ஒளி அதிர்வெண்மானி, லேசர் அதிர்வுமானி. எதைத் தேர்வதானாலும் கருவி உண்மையில் எதை அளக்கிறது என்பதில் தெளிவு வேண்டும்.

632.8 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஹீலியம்-நியான் லேசர் கற்றையை ஒரு கற்றைப்பிரிப்பி இரண்டாக்குகிறது. ஒன்று கருவிக்குள்ளேயே சுற்றிவரும் ஒப்புக்கற்றை. மற்றது அதிரும் பரப்பில் பட்டுத் திரும்பும் அளவுக்கற்றை. பரப்பு நகர்வதால் திரும்பும் ஒளியின் அதிர்வெண் சற்றே மாறுகிறது. திசைவேகத்தை இரட்டித்து அலைநீளத்தால் வகுத்தால் அந்த டாப்ளர் மாற்றம் கிடைக்கும்: நொடிக்கு 1 மி.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ 3,160 ஹெர்ட்ஸ். ஒளியின் அதிர்வெண்ணோ 474 டெராஹெர்ட்ஸ்; அதை எந்த ஒளியுணர் டையோடும் நேரடியாகப் பின்தொடர முடியாது. அதனால் இரு கற்றைகளையும் மீண்டும் சேர்த்து, பள்ளிப் பாடத்தில் ஒலிக்குப் படித்த அதே விம்மலை, அதாவது அதிர்வெண் சற்றே வேறுபட்ட இரு அலைகள் சேரும்போது வரும் ஏற்ற இறக்கத்தை, ஒளியில் உண்டாக்கி, விம்மலின் அதிர்வெண்ணை அளக்கிறோம். பரப்பு வருகிறதா போகிறதா என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஒரு கற்றையின் அதிர்வெண்ணை, ஒலி அலையால் ஒளியின் அதிர்வெண்ணை மாற்றும் பிராக் கலத்தால் முன்கூட்டியே, பொதுவாக 40 மெகாஹெர்ட்ஸ், தள்ளிவைக்கிறார்கள். பரப்பு ஒரு திசையில் நகர்ந்தால் விம்மல் 40-க்கு மேலே போகும், எதிர்த்திசையில் கீழே வரும்.

ஆக, அளக்கப்படுவது பரப்பின் திசைவேகம். 'அதிர்வெண்மானி' என்ற பெயர் இதனாலேயே அடிபட்டுப் போகிறது. 'தொலை' என்பதும் பொருந்தவில்லை. நுண்ணோக்கியோடு பொருத்தி மிக அருகிலிருந்தும் இதே கருவியால் அளக்கிறார்கள். இதன் சிறப்பு தொடாமைதான். 20 கிராம் நிறை அதிரும் ஒரு மெல்லிய தகட்டின் மேல் 2 கிராம் முடுக்கமானியை (முடுக்கத்தை அளக்கும் உணரியை) ஒட்டினால், அந்தக் கூடுதல் நிறையாலேயே இயல் அதிர்வெண் கிட்டத்தட்ட 5 விழுக்காடு இறங்கிவிடும். செவிப்பறை போன்றவற்றில் ஒட்டுவதற்கே வழியில்லை.

என் முன்மொழிவு: கருவிக்குச் 'சீரொளி அதிர்வளவி' (சீரொளி என்பது லேசர்), முறைக்குத் 'தொடா அதிர்வளவை'. அளவி, அளவை, அளவீடு என்று ஒரே வேரில் சொற்கள் விரியும். 'மானி'யில் அந்த வசதி இல்லை.

——

மறுமொழி 1

> என் முன்மொழிவு: கருவிக்குச் 'சீரொளி அதிர்வளவி'

ஐயா, 'அளவி' எனக்கு முழுச் சம்மதம். ஆனால் 'டாப்ளர்' விடுபடக் கூடாது. முக்கோண முறையில் தூரத்தை அளக்கும் லேசர் உணரிகளாலும் அதிர்வைப் பார்க்கலாம். அவை தருவது இடப்பெயர்ச்சி. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் வாசிப்பவர் குழம்புவார். முதல் தடவை 'சீரொளி டாப்ளர் அதிர்வளவி' என்று முழுதாக எழுதி, பிறகு 'அதிர்வளவி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இதைவிட அவசரமாக ஒரு சொல் தேவைப்படுகிறது. சொரசொரப்பான பரப்பில் லேசர் படும்போது, திரும்பும் ஒளி வெளிச்சமும் இருட்டுமாகப் பொடிப்பொடியாகத் தெரியுமே, அதற்கு. 'புள்ளி' என்றால் லேசர் படும் இடத்தோடு குழம்பும். 'துகள்' என்றால் தூசி என்று நினைப்பார்கள். அரிசி நொய்யைப் போன்ற தோற்றம் என்பதால் 'ஒளிக்குருணை' என்று பரிந்துரைக்கிறேன்.

களத்தில் பாதிச் சிக்கல் இந்தக் குருணையால்தான் வருகிறது. உணரியின் மேல் இருண்ட குருணை விழுந்தால் சைகை (சிக்னல்) அறுபடும். அந்தக் கணத்தில் வெளியீட்டில் ஊசிபோல ஒரு துள்ளல் தோன்றும். அதைப் பார்த்துத் தாங்கியில் (பேரிங்கில்) அடி விழுகிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். சுழலும் தண்டில் இன்னும் மோசம்: ஒவ்வொரு சுற்றிலும் அதே குருணைக்கோலம் திரும்ப வருவதால், இரைச்சல் சுழற்சி அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் போய் உட்காரும். தண்டின் சமநிலைக் குறைவும் அதே இடத்தில்தான் தெரியும். எனவே துள்ளலைக் கண்டால் முதலில் சைகை வலிமைப் பட்டையைப் பாருங்கள். அது இறங்கியிருந்தால் குவியத்தைச் சரிசெய்து, கற்றையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்திப் பாருங்கள். போதாவிட்டால் ஒளியை வந்த வழியே திருப்பும் நாடாவை ஒட்டலாம். மெல்லிய படலங்களில் மட்டும் அது வேண்டாம். நாடாவின் நிறையும் விறைப்பும் சேர்ந்து, தொடாமல் அளந்ததன் பயனையே கெடுத்துவிடும்.

——

மறுமொழி 2

'ஒளிக்குருணை' நல்ல சொல். 'சைகை அறுபடல்' என்பதையும் அப்படியே பட்டியலில் ஏற்றிவிடலாம்.

வரையறையில் ஒரு திருத்தம். வெறும் 'திசைவேகம்' என்று எழுதினால் போதாது. கற்றையின் திசையில் உள்ள கூறு மட்டுமே அளவில் வரும். அதிர்வின் திசைக்கும் கற்றைக்கும் 10 பாகை கோணம் இருந்தால் 1.5 விழுக்காடு குறைத்துக் காட்டும். 30 பாகையில் குறைவு 13 விழுக்காடு. கண்ணாடிச் சன்னல் வழியே அளக்கும்போது, சன்னலில் பட்டுத் தெறிக்கும் ஒளி லென்சுக்குள் திரும்பாதிருக்கக் கருவியைச் சில பாகை சாய்ப்போம். அந்தச் சாய்வையும் குறித்துவைத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

'சார்பு' என்ற சொல்லும் தேவை. முக்காலி நடுங்கினால் பரப்பு நடுங்குவதாகவே கருவி சொல்லும். கருவித் தலையில் கற்றையின் திசையிலேயே ஒரு முடுக்கமானியைப் பொருத்தி, அதன் அளவைத் தொகையிட்டுத் திசைவேகமாக்கிக் கழித்தால்தான் உண்மை நிலை தெரியும். ஆகவே வரையறை இப்படி இருக்கட்டும்: தனக்கும் பரப்புக்கும் இடையே, தன் கற்றையின் திசையில் உள்ள சார்புத் திசைவேகத்தைத் தொடாமல் அளக்கும் கருவி.

கருவிக்கும் பரப்புக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு 'எட்டத்தொலைவு' என்று வைக்கலாமா? 'தூரம்' என்று மட்டும் எழுதினால், கூடக்கூடச் சைகை மங்கும் என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். ஹீலியம்-நியான் கருவியில் அப்படி நடப்பதில்லை. லேசர் குழாயின் ஒத்ததிர்வுக் குழி, அதாவது ஒளி முன்னும் பின்னும் ஓடும் இரு ஆடிகளுக்கு இடைப்பட்ட பகுதி, 20 செ.மீ. நீளம் என்றால், சைகை உச்சமாகும் இடங்களும் ஏறத்தாழ 20 செ.மீ. இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு உச்சங்களுக்கு நடுவில் கருவி நிற்க நேர்ந்தால், குவியம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் சைகை தேறாது. முக்காலியை 10 செ.மீ. முன்னோ பின்னோ தள்ளினாலே போதும். அகச்சிவப்பு இழை லேசர் கருவிகளில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பிராக் கலம் இல்லாமல், கட்டம் (அலைச் சுழற்சியில் உள்ள நிலை) 90 பாகை விலகிய இரண்டு சைகைகளை வைத்தே திசையறியும் வகைக்கு இன்னும் பெயர் வரவில்லை. 'ஓரலை முறை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் பிராக் கலம் உள்ளது 'ஈரலை முறை' ஆகும். எனக்கு இது சரியாகப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.